சீக் செயலி: ஸ்ப்ரூஸ் மரத்தை அது எவ்வளவு அறியும்?

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வீட்டுத் தோட்டத்துக்கு ஸ்ப்ரூஸ் மரம் தேடுகிறவர் முதலில் சந்திப்பது பெயர்க் குழப்பம். வெள்ளை ஸ்ப்ரூஸும் கருப்பு ஸ்ப்ரூஸும் அந்த மண்ணுக்கே உரியவை. நார்வே ஸ்ப்ரூஸ் ஐரோப்பாவிலிருந்து வந்தது, நீல ஸ்ப்ரூஸ் ராக்கி மலைகளிலிருந்து. இவற்றைப் பிரித்தறிய, உயிரினங்களைப் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தின் சீக் செயலி கைகொடுக்குமா? காசு இல்லை, கணக்குத் தொடங்க வேண்டாம், இணையம் இல்லாத இடத்திலும் அதன் கேமரா அடையாளம் காணும். ஆனால் 'இது ஸ்ப்ரூஸ்' என்ற பேரினம் வரைதான் அதைத் தயங்காமல் நம்பலாம். இனத்தின் பெயரைக் கூம்பைப் பார்க்காமல் ஏற்கக்கூடாது.

கேமராவை மரத்தின் பக்கம் திருப்பினால் திரையில் வகைப்பாட்டின் ஏழு படிகளும் புள்ளிகளாகத் தெரியும். அடையாளம் உறுதிப்பட உறுதிப்பட ஒவ்வொன்றாக நிறையும். ஐயம் இருந்தால் செயலி பேரினத்தோடு நின்றுவிடும். சிலர் இதைக் குறை என்பார்கள். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாத இந்தப் பண்புதான் அதன் பலம். காரணம், ஸ்ப்ரூஸ் இனங்களின் வேறுபாடு தொலைவிலிருந்து எடுத்த படத்தில் சிக்குவதில்லை. வெள்ளை ஸ்ப்ரூஸின் இளங்கிளையில் மயிர் இருக்காது, கருப்பில் நுண்மயிர் உண்டு. வெள்ளையின் ஊசியிலையைக் கசக்கினால் நாறும். 'பூனை ஸ்ப்ரூஸ்' என்ற பட்டப்பெயரே அதனால் வந்தது. கேமராவுக்கு மூக்கு இல்லை. கூம்பு மட்டும் படத்திலும் பேசும்: நீல ஸ்ப்ரூஸின் செதில் விளிம்பு நெளிநெளியாக இருக்கும், வெள்ளையில் வழவழப்பாக. நீளத்தை நாமே அளக்க வேண்டும்: வெள்ளைக்கு 3 முதல் 6 செ.மீ., நார்வேக்கு 10 செ.மீ.க்கு மேல்.

நர்சரி அட்டையிலேயே பெயர் இருக்கும்போது செயலி எதற்கு என்று கேட்கலாம். கன்று வாங்கும்போது அந்தக் கேள்வி நியாயமே. கூம்பு விடாத கன்றில் அட்டைதான் மேல். செயலியின் பயன் தெருவில் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் வளர்ந்து நிற்கும் மரங்களை இனம் கண்டால், எது அந்த ஊரில் தழைக்கிறது, எது நோய்ப்படுகிறது என்பது விளங்கும். நீல ஸ்ப்ரூஸ் வறண்ட மலைக்காற்றுக்குப் பழகியது. ஈரக் கோடையில் ரைசோஸ்பேரா பூஞ்சை பற்றி, கீழ்க்கிளைகளில் ஊசியிலை உதிர்ந்து மொட்டையாகும். வெள்ளைக்கும் அந்த நோய் வரும் என்பது உண்மை. ஆனாலும் நீலம் அளவுக்கு அது எளிதில் இரையாவதில்லை. உள்ளூர் மரத்தைத் தேர்வதற்கு இதுவே போதுமான காரணம்.

செயலி சொல்லாத சேதியும் உண்டு. வெள்ளை ஸ்ப்ரூஸ் தோட்டத்திலேயே 15 மீட்டர் உயரம் போகும், அடிக்கிளைகள் தரையைத் தொட்டபடி பல மீட்டர் அகலத்துக்குப் பரவும். வேரும் ஆழம் போகாது. மின்கம்பிக்குக் கீழேயோ சுவரை ஒட்டியோ நட்டுவிட்டால் சரியான பெயர் தெரிந்தும் பயனில்லை. ஆகவே தெருமரங்களைப் படிக்க சீக்கைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். குழி தோண்டும் இடத்தை முடிவுசெய்ய அளவுநாடாதான் வேண்டும்.