படகிலிருந்து இறக்கிவிடப்பட்ட மனைவி

ஜெரோம் கே. ஜெரோமின் 'ஒரு படகில் மூவர்' (1889) நூலைச் சிரிக்காமல் வாசிப்பது கஷ்டம். அன்னாசி டின்னைத் திறக்க மூவரும் படும் பாட்டை வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். இந்த முறை வாசிக்கும்போது வேறொன்று உறுத்தியது.

1888இல் ஜெரோமுக்குக் கலியாணம். தேனிலவுக்குத் தேம்ஸ் நதியில் சிறு படகில் போனவர் திரும்பிவந்து எழுதிய நூல் இது. கிங்ஸ்டனிலிருந்து ஒக்ஸ்ஃபோர்டுவரை ஆற்றை எதிர்த்துப் போகிற அந்தப் படகில் மனைவி இல்லை. இரண்டு கூட்டாளிமார், ஒரு நாய். மனிசியோட போனவர் கூட்டாளிமாரோட போன மாதிரி எழுதிட்டார். நகைச்சுவைக்கு லாபம்தான். புதுப் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு அன்னாசி டின்னோடு மல்லுக்கட்ட ஏலுமா?

நட்டம் 16ஆம் அத்தியாயத்தில் தெரிகிறது. அதுவரை நீராவிப் படகுகளைத் திட்டித் தீர்த்தவர், ரெடிங்கில் நண்பர்களின் நீராவிப் படகு தங்களைக் கட்டி இழுத்ததும், வழியில் நிற்கும் துடுப்புப் படகுக்காரர்களைத் திட்டுகிறார். நூலின் ஆகச் சிறந்த கேலி எனக்கு இதுதான். அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே கோரிங் அருகில் ஒரு பெண்ணின் பிணம் மிதக்கிறது. காதலித்து ஏமாந்தவள், வாரக்கூலி 12 ஷில்லிங்கில் பாதியைக் குழந்தைக்காகக் கொடுத்து மீதியில் சீவித்தவள்.

நூலோடு ஒட்டாத அழுகை என்று இதைத் தள்ளிவிடலாம். என்னால் முடியவில்லை. கேலியை இறக்கிவைத்துவிட்டு ஜெரோம் நின்று பார்க்கிற பெண் இவள்தான். கூடவே படகில் இருந்தவளுக்கு ஒரு வரியும் இல்லை. உடலைக் கரையில் நின்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு மூவரும் ஸ்ட்ரீட்லி போய், இரண்டு நாள் தங்கி, உடுப்புக் கழுவக் கொடுக்கிறார்கள்.