நாகம்மாளின் நடை

ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) நாவலைக் கொங்கு மண்ணின் பாகப்பிரிவினைக் கதையாகப் படிக்கலாம். அது பாதிதான். விதவை நாகம்மாள் கொழுந்தன் சின்னப்பனிடம் பங்கு கேட்கிறாள். நியாயமான கேள்வி. விதவைக்குச் சொத்தில் உரிமை தந்த 1937ஆம் வருஷச் சட்டத்துக்குள் அன்று விவசாய நிலம் வரவில்லை.

இழப்பு வேறிடத்தில் நேர்கிறது. விதவைக்கு விதித்த ஒடுக்கத்தை ஏற்காமல் ஊருக்குள் நிமிர்ந்து நடந்தவள் அவள். அந்த நடைதான் அவளுடைய சந்தோஷம். அதை விட்டுவிட்டு வன்மத்தை வளர்த்தாள். அதற்குத் துணையாகக் கெட்டியப்பனைப் பற்றிக்கொண்டாள். பிறகு எதுவும் அவள் கையில் இல்லை. சின்னப்பன் கொலையாகிறான்.

அவளுக்குப் பொறுமையை உபதேசிப்பதில் அர்த்தமில்லை. சந்தோஷம் மிஞ்சிய மனசுக்கே மன்னிப்பு கைகூடும். வங்கியில் நிலப் பத்திரத்தை மீட்ட பிறகும் முகம் மலராத பங்காளிகளைப் பார்க்கும்போதெல்லாம் நாகம்மாள் நினைவுக்கு வருகிறாள்.