குரோமை உரிக்கத்தான் வேண்டுமா?

மன்னார்த் தீவின் பேசாலையிலும் தலைமன்னாரிலும் சைக்கிள் ஹாண்டிலுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. பளபளப்பின் நடுவே ஊசிமுனை அளவில் துருப்புள்ளிகள் வரும். பின்னர் ஓரங்களில் முலாம் கிளம்பும். மிச்சத்தையும் உரித்துவிட்டுப் பெயின்ற் அடிக்கலாம் என்று அப்போது தோன்றுவது இயல்பு. அமிலத்தில் ஊறவைப்பது, கோஸ்டிக் சோடாக் கரைசலில் பற்றரி சார்ஜரால் மின்சாரம் செலுத்துவது, சாண்ட்பேப்பரால் தேய்ப்பது என வீட்டில் செய்யக்கூடிய வழிகள் மூன்று. முதல் இரண்டும் குரோமைக் கரைக்கும் என்பதில் ஐயமில்லை. நம் வேலைக்கு அவை உதவுகின்றனவா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

ஹாண்டிலில் மேலே இருக்கும் குரோம் ஒரு மைக்ரோன்கூட இல்லை, ஏறத்தாழ 0.3 மைக்ரோன். அதற்குக் கீழே பல மைக்ரோன் தடிப்பில் நிக்கல், அதற்கும் கீழே இரும்பு. நுண்துளைகள் வழியே உப்புநீர் இறங்கும்போது நிக்கல் தப்பிக்கொள்ள, இரும்பு அரிபடுகிறது. ஆகவே குரோமைக் கரைத்தால் நமக்குக் கிடைப்பது வழுவழுப்பான நிக்கல்தான். பெயின்ற் அதில் சரியாகப் பிடிக்காது. துருக்குழியும் இருந்த இடத்திலேயே இருக்கும். எப்படியும் சாண்ட்பேப்பரை எடுத்தே ஆகவேண்டும் என்றால், அமிலம் மிச்சப்படுத்திய உழைப்பு எது?

அமிலத்துக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லவேண்டும். ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரையும் குரோமியம் பச்சை நிறமானது, மூன்று வலுவளவுள்ளது, நச்சு குறைந்தது. சுண்ணாம்பு இட்டால் படிந்துவிடும். ஆனால் அமில ஆவி நுரையீரலைச் சுடும். பக்கத்தில் உள்ள கருவிகளையும் துருவேற்றும். பிளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரீன் வாயு கிளம்பும். நாக வார்ப்புகளும் அலுமினியமும் கரைந்துபோகும். சுருள்வில் போன்ற கடின உருக்குப் பாகங்கள் ஐதரசனை உறிஞ்சிப் பிறகு திடீரென முறியலாம்.

மின்பகுப்பு முறைக்கு அந்தச் சாதகமும் இல்லை. கோஸ்டிக் கரைசல் மஞ்சளாவது ஆறு வலுவளவுக் குரோமியத்தால்; சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக வகைப்படுத்திய பொருள் அது. குமிழிகளோடு நுண்துளிகளாக மேலெழுந்து மூச்சிலும் சேரும். சுண்ணாம்பு இட்டாலும் படியாது. 60 சென்ரிமீற்றர் ஹாண்டில் ஒன்றில் உள்ள குரோமியம் சுமார் 90 மில்லிகிராம். அற்பமாகத் தெரியும். ஆனால் குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 0.05 மில்லிகிராம். அந்தக் கணக்கில் 1,800 லீற்றர் நீரை எல்லைக்குக் கொண்டுவர ஒரே ஹாண்டில் போதும்.

இதைக் கொழும்பு மாடி வீட்டில் இருந்து படிப்பவருக்கும் மன்னார்த் தீவில் படிப்பவருக்கும் ஒரே பொருள் இல்லை. தீவின் நன்னீர் மணலுக்குள், உவர்நீருக்கு மேலே, மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணறுகள் ஆழமற்றவை. முற்றத்தில் ஊற்றியதைத் தடுத்துநிறுத்த அந்த மணலில் களி இல்லை. தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேற் தொழிற்சாலை விட்டுப்போன லட்சத்துக்கும் மேற்பட்ட தொன் கழிவு, அங்கே நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. அளவில் அதற்கும் இதற்கும் ஒப்பில்லை. ஆனால் மண்ணுக்குள் இறங்கி நீரோடு நகரும் பொருள் ஒன்றே.

என் முடிவு இது: மின்பகுப்பு வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். அமிலமும் தேவையில்லை. நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, கிளம்பிய முலாமைச் சுரண்டி, முகக்கவசம் அணிந்து ஈரச் சாண்ட்பேப்பரால் மினுக்கம் போகும்வரை தேய்த்து, நன்றாக உலர்ந்ததும் அன்றைக்கே எப்பொக்சி பிரைமர் பூசுங்கள். ஒட்டியிருக்கும் குரோம் அடியிலேயே கிடக்கட்டும். துரு குழாயைத் தின்றுவிட்டதென்றால் ஹாண்டிலை மாற்றுங்கள். ஓட்டத்தில் முறிந்தால் உயிருக்கே ஆபத்து. மறுபடி முலாம் பூசத்தான் விருப்பம் என்றால் பாகத்தை அப்படியே முலாம் பட்டறையில் கொடுங்கள்; பழையதை உரிப்பது அவர்கள் வேலை.

ஏற்கெனவே மஞ்சள் கரைசலை வைத்திருப்பவர்கள் அதைக் கிணற்றடியிலோ மலசலகூடக் குழியிலோ கடலிலோ ஊற்றவேண்டாம். பிளாஸ்ரிக் கலனில் இறுக மூடி, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேட்டு ஒப்படையுங்கள்.