அடிமைக் குடிலிலிருந்து அலுமாரிக்கு

பழைய கட்டடங்களையும் சரித்திர இடங்களையும் பாதுகாக்கக் காசு எங்கே என்ற பேச்சு வரும்போது, யாராவது ஒருவர் ஐக்கிய அமெரிக்காவின் ஞாபகார்த்த நாணயக்குற்றிகளை உதாரணம் காட்டுவார். அவர் சொல்வது பெரும்பாலும் 1986 ஆம் ஆண்டின் சுதந்திரச் சிலை நாணயங்களைப் பற்றித்தான். தங்க நாணயத்துக்கு 35 டொலர், வெள்ளி டொலருக்கு 7, அரை டொலருக்கு 2 என்று விலைக்கு மேலே ஒரு தொகை வைத்து விற்றார்கள். 83 மில்லியன் டொலர் அளவில் சேர்ந்தது. சிலையும் எல்லிஸ் தீவும் அந்தக் காசிலும் புதுப்பிக்கப்பட்டன. கேட்க நல்ல கதை. ஆனால் அது உலகமே அறிந்த சிலை. அதற்கு யாருடைய அறிமுகமும் தேவைப்படவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு நாற்பது வருடம் முந்திய இன்னொரு குற்றி.

1946 இல் வெளிவந்த புக்கர் டி. வாஷிங்டன் அரை டொலர் அது. முன்பக்கத்தில் வாஷிங்டனின் முகம். பின்பக்கத்தில் மேலே தூண்கள் வரிசையாக நிற்கும் ஒரு கட்டடம், கீழே மரக்கட்டைகளால் ஆன ஒரு சின்னக் குடில். இரண்டுக்கும் நடுவே, அடிமைக் குடிலிலிருந்து புகழ் மண்டபத்துக்கு என்ற பொருளில் ஆங்கில வாசகம். அந்த மண்டபம் நியூயோர்க்கில் உள்ளது. 1945 இல்தான் வாஷிங்டன் அதில் இடம்பெறத் தெரிவானார். குடில் அவர் அடிமைக் குழந்தையாகப் பிறந்த இடம், வேர்ஜீனியாவின் பிராங்ளின் கவுண்டி. வடிவமைத்தவர் ஐசாக் ஸ்கொட் ஹாதவே. அமெரிக்க நாணயம் ஒன்றை வடிவமைத்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

கலைப்பொருளாகப் பார்த்தால் முகம் நன்றாக இருக்கிறது. பின்பக்கம் நெரிசல். கொஞ்ச இடத்துக்குள் இரண்டு கட்டடம், இத்தனை எழுத்து. ஆனாலும் அந்தக் குடில் அங்கே இருக்கத்தான் வேண்டும். அந்த நாணயம் பிறந்ததே அதற்காகத்தான். சிட்னி பிலிப்ஸ் என்பவர் வாஷிங்டன் பிறந்த தோட்டத்தை வாங்கி அங்கே ஒரு நினைவகம் எழுப்ப முயன்றார். அரச கொடையோ பெரிய பணக்காரரோ பின்னால் இல்லை. கொங்கிரஸிடம் அவர் பெற்றது 50 இலட்சம் அரை டொலர்களுக்கான அனுமதி.

அந்தக் காலத்து முறை இப்படி: நாணயசாலை குற்றியை முகப்பெறுமதிக்கே அமைப்பாளரிடம் கொடுத்துவிடும். அவர் 50 சதக் குற்றியை ஒரு டொலருக்கோ அதற்கு மேலேயோ விற்று மிச்சத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். விற்காததைத் திருப்பிக் கொடுத்தால் உருக்கிவிடுவார்கள். அதாவது கடை போடும் வேலை முழுக்க அமைப்பாளர் தலையில்.

1946 இல் பிலடெல்பியாவில் மட்டும் சுமார் 10 இலட்சம் அடித்தார்கள். வாங்க வேண்டியது யார்? கறுப்பின மக்கள் ஆளுக்கொன்று வாங்குவார்கள் என்பதுதான் கணக்கு. வருமானம் குறைந்த ஒரு சமூகத்திடம், அரை டொலரை ஒரு டொலர் கொடுத்து வாங்கு என்று கேட்பது அது. கணக்குப் பிழைத்தது. பிறகு 1951 வரை வருடாவருடம் மூன்று நாணயசாலைகளிலும் அடித்து, தொகுதி தொகுதியாகச் சேகரிப்பாளரிடம் விற்கப் பார்த்தார்கள். 1949 இல் சாலைக்கு சுமார் ஆறாயிரம்தான். ஒரே படத்தைப் பதினெட்டுத் தடவை வாங்கச் சொன்னால் சேகரிப்பாளருக்கும் அலுப்புத் தட்டாதா?

பிந்தி நடந்தது இன்னும் கஷ்டம். விற்காமல் மிஞ்சியவற்றின் வெள்ளியைப் பாவித்து, வாஷிங்டனையும் ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வரையும் சேர்த்துப் புது நாணயம் அடிக்க 1951 இல் இன்னொரு சட்டம் வந்தது. அதன் நோக்கம் குடிலைப் பாதுகாப்பதல்ல. கறுப்பின மக்களிடையே கம்யூனிசம் பரவாமல் தடுப்பது. குடில் இருந்த இடத்தில் அமெரிக்க வரைபடம் வந்து உட்கார்ந்தது. இடத்தின் கதையைச் சொல்லிக் காசு கேட்ட நாணயம், ஆட்சியின் பயத்தைச் சொல்லும் நாணயமாக மாறியது. 1954 இல் அதுவும் நின்றது. 1982 வரை அமெரிக்கா ஞாபகார்த்த நாணயமே அடிக்கவில்லை.

நாணயம் யார் கையிலும் வேலை செய்யும் கருவி என்பதற்கு 1925 ஆம் ஆண்டின் ஸ்டோன் மவுண்டன் அரை டொலரே போதும். ஜோர்ஜியாவில் ஒரு பெரிய மலையைக் குடைந்து, அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலத் தளபதிகளின் உருவம் செதுக்கக் காசு சேர்த்தது அது. அடிமைக் குடிலுக்குக் காசு சேர்க்கப் போன குற்றி அதே முறையில்தான், அதே அரை டொலர் அளவில்தான் போனது. பத்து இலட்சத்துக்கும் மேல் விற்ற தளபதிகளின் குற்றிக்குப் பின்னால் தென்மாநிலம் முழுக்க ஒரு விற்பனைப் படை இருந்தது. இந்த முறை நடுநிலையானது என்று சொல்பவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போதைய ஒழுங்கு கொஞ்சம் பரவாயில்லை. நாணயசாலையே விற்கிறது. 1996 ஆம் ஆண்டின் சட்டப்படி நாணயசாலையின் செலவு முதலில் கழிய வேண்டும்; பெறுகின்ற அமைப்பும் அதே அளவு காசைத் தனியாரிடம் திரட்டிக் காட்ட வேண்டும். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் தனியாரிடம் திரட்டக்கூடிய அமைப்புக்கு நாணயம் அவ்வளவு அவசியமா? திரட்ட முடியாததற்குத்தானே அவசியம்?

2007 இன் லிட்டில் ரொக் வெள்ளி டொலர் இந்தச் சிக்கலிலிருந்து பாதி தப்பியது. 1957 இல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் படையினரின் காவலோடு பள்ளிக்கூடம் போன சம்பவம் அது. நாணயத்தில் முகமே இல்லை. நடக்கிற கால்கள், கூடவே ஒரு படைவீரனின் கால். என் அபிப்பிராயத்தில் இவற்றுள் ஆகச் சிறந்த வடிவமைப்பு இதுதான். குற்றிக்குப் பத்து டொலர், அந்தப் பள்ளிக்கூட வரலாற்றிடத்தைப் பேணுவதற்காக நேரே அரச திணைக்களத்துக்குப் போனது. 5 இலட்சம் அடிக்க அனுமதி இருந்தும் 2 இலட்சம் கூட விற்கவில்லை.

எங்கட வக்பு வயல்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் குறை எங்கே என்பது சட்டென்று விளங்கும். வயல் போகத்துக்குப் போகம் விளையும். நாணயக்குற்றி ஒரேயொரு தடவைதான் விற்கும். அதற்குப் பிறகு விலை ஏறினாலும் இலாபம் அலுமாரியில் வைத்திருப்பவருக்கே, இடத்துக்கு ஒரு சதமும் இல்லை. கூரை மட்டும் வருடாவருடம் ஒழுகும்.

பிலிப்ஸின் நினைவகம் கடனில் மூழ்கியது. கடைசியில் 1956 இல் கொங்கிரஸ் சட்டம் போட்டு அந்தத் தோட்டத்தைத் தேசிய நினைவிடமாக்கியது. இப்போது அதைத் தேசியப் பூங்காச் சேவை பராமரிக்கிறது, பார்க்கக் கட்டணம் இல்லை. அங்கே நிற்கும் குடில் பிறகு கட்டிய மாதிரி. வாஷிங்டன் பிறந்த அசல் குடில் எப்போதோ போய்விட்டது. அந்த அரை டொலரோ பழைய நாணயக் கடைகளில் இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கிறது. ஞாபகார்த்த நாணயங்களில் ஆகவும் மலிவானவற்றில் அது ஒன்று.