கழிவைப் பார்த்துப் போட்ட மதிப்பெண்

தங்கம் தேடும் கருவியை விமர்சிப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. கிடைத்த தங்கத்தை எடை போட்டு மதிப்பெண் கொடுத்தால், அது கருவிக்குப் போய்ச் சேராது, ஓடைக்குத்தான் போகும். வளமான ஓடையில் மட்டமான இயந்திரமும் மினுக்கும். ஒன்றுமில்லாத ஓடையில் உயர்ந்த இயந்திரமும் வெறும் சரளையைத்தான் துப்பும். அதனால் கருவியின் அலசும் பெட்டியில் தங்கியதை ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியின் வால் வழியே தப்பி ஓடியதைத் தேடினேன்.

இடம், அலாஸ்காவின் ஹோப் என்ற சிற்றூரை ஒட்டிய ரெசரெக்‌ஷன் ஓடை. ஆங்கரேஜிலிருந்து சாலையில் ஏறக்குறைய 140 கி.மீ. 1896-இல் தங்கத்துக்காகக் கூட்டம் முண்டியடித்த பகுதி. அவர்கள் அள்ளியது போக மீதிதான் நமக்கு. சூகாச் தேசிய வனத்தில் பொழுதுபோக்காகத் தங்கம் அரிக்க அனுமதி இருக்கிறது. ஓடையடி மணலைக் குழாயால் உறிஞ்சி அலசும் இயந்திரமான உறிஞ்சு டிரெட்ஜ் என்றால், குழாயின் வாய் 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மாநில மீன், வேட்டைத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். காலமும் மே 15 முதல் ஜூலை 15 வரைதான். பிறகு சால்மன் மீன்கள் முட்டையிட வந்துவிடும். இந்தக் கெடுபிடியில் எனக்குப் புகார் இல்லை. டிரெட்ஜ் கொட்டும் தளர்ந்த சரளைக் குவியலில் மீன் முட்டையிட்டால், அடுத்த வெள்ளத்தில் குவியலோடு முட்டையும் போய்விடும். கலிஃபோர்னியா 2009-இல் இந்த இயந்திரத்தை ஓடைகளிலிருந்து நிறுத்தியே வைத்துவிட்டது.

நான் வாடகைக்கு எடுத்தது 2 அங்குல டிரெட்ஜ். 49 சிசி ஹோண்டா எஞ்சின், அதோடு இணைந்த பம்ப், உறிஞ்சு குழாய், கால் ஊன்றி நிற்கும் அலுமினியப் பெட்டி. முதுகில் கட்டிக்கொண்டு ஒருவரே தூக்கிப் போகலாம் என்பது விளம்பரம். போகலாம்தான், முழங்காலும் சம்மதித்தால்.

பம்ப் சரளையைத் தொடுவதே இல்லை என்பதுதான் இதன் சூட்சுமம். ஓடையிலிருந்து தண்ணீரை எடுத்து, உறிஞ்சு குழாய்க்குள் ஒரு குறுகிய துளை வழியே பீய்ச்சுகிறது. அந்த வேகத்தில் பின்னால் அழுத்தம் குறைய, குழாயின் வாய் மணலையும் கல்லையும் இழுத்துக்கொள்கிறது. பெட்டிக்குள் குறுக்குச் சட்டங்கள், அடியில் முரட்டு நார்விரிப்பு. சட்டத்துக்குப் பின்னால் தண்ணீர் சுழலும் இடத்தில் கனமானது அடங்க, மற்றவை ஓடிவிடும். தங்கத்தின் அடர்த்தி 19.3, சாதாரணக் குவார்ட்ஸ் மணலுக்கு 2.65. நீரின் மிதப்பைக் கழித்தால், தண்ணீருக்குள் தங்கம் அதே அளவு மணலைப்போல் 11 மடங்கு கனம். இவ்வளவு சாதகம் இருந்தும் ஒரு பெட்டி தங்கத்தைத் தவறவிட்டால், அது பெட்டியின் குறைதான்.

தவறவிட்டது. வாலடியில் பிடித்த கழிவைத் தட்டில் அரித்தபோது, கருமணலின் நுனியில் மாவுபோல் பொடித்தங்கம் மின்னியது. காரணம் சாய்வு. ஒரு அடி நீளத்துக்கு ஒரு அங்குலச் சரிவு என்பது இந்தத் தொழிலில் பழகிய கணக்கு. இந்தப் பெட்டியோ சறுக்குமரமாக நின்றது, கால்களில் உயரத்தை மாற்றும் வசதியும் இல்லை. பின்னங்கால்களுக்கு அடியில் தட்டைக்கல் அடுக்கி, எஞ்சினின் வேகத்தையும் கொஞ்சம் குறைத்ததும் நிலைமை மாறியது. சட்டங்களுக்குப் பின்னால் கருமணல் துள்ளிக்கொண்டே இருந்தால் சரி. மணல் அசையாமல் இறுகிவிட்டால் தண்ணீர் போதவில்லை. சட்டம் பளிச்சென்று வெறுமையாகத் தெரிந்தால் தண்ணீர் அதிகம். அதன் பிறகு கழிவில் பொன்னைக் காண்பது அரிதாகிவிட்டது. ஆனால் ஆசைப்பட்டுக் குழாயை மணலில் ஆழக் குத்தினால் பெட்டி திணறி மறுபடி கோட்டை விடும்.

இன்னொரு தொல்லை அடைப்பு. குழாயைவிட அதன் வாய் வளையம் சற்றுச் சிறியது; உள்ளே நுழைந்தது வெளியேயும் போக வேண்டும் என்று கணக்கு. உருண்டைக் கல்லுக்கு அது பலிக்கும். இந்தப் பக்கத்துப் பாறையோ ஸ்லேட். பட்டையான சில்லுகள் ஒருக்களித்து நுழைந்து, உள்ளே திரும்பிச் சிக்கிக்கொள்கின்றன. குழாயைத் தட்டியும் கம்பியால் குத்தியும் பொழுது போகிறது. ஆனால் அதே ஸ்லேட் ஓடையின் அடியில் செங்குத்தாக நிற்கும் இடங்களில், அதன் வெடிப்புகளே இயற்கைச் சட்டங்களாக இருந்து பொன்னைப் பிடித்து வைத்திருக்கின்றன. மண்வெட்டி நுழையாத அந்தச் சந்துகளில் 2 அங்குலக் குழாய் காட்டும் சாமர்த்தியத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். எஞ்சினிலும் குறை இல்லை. பம்பில் தண்ணீர் நிரப்பிவிட்டுக் கயிற்றை இழுத்தால் போதும். நிரப்ப மறந்தால் பம்பின் சீல் வெந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பெட்ரோலைக் கரையிலிருந்து தள்ளி வைத்தே ஊற்றுங்கள்.

இத்தனையையும் அளந்து சொன்னது கேரட் நிறுவனத்தின் 14 அங்குலப் பச்சை பிளாஸ்டிக் தட்டு. பச்சையில் கருமணலும் தெரியும், பொன்னும் தெரியும். ஒரு பக்கச் சுவரில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் புதியவர் கை நடுங்கினாலும் கனமானது நழுவாது. அரிசியில் கல் அரித்துப் பழகிய மணிக்கட்டுக்கு அரைமணியில் பிடிபட்டுவிடும். இங்கே அரிசி வழிந்தோட, அடியில் நிற்கும் கல்தான் வேண்டும், அவ்வளவே. ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் சோப்பு விட்டால் மிதக்கும் பொடித்தங்கம் அமிழும். கருமணலில் பெரும்பகுதி மேக்னடைட், காந்தத்துக்கு வந்துவிடும். ஆனால் காந்தத்தைத் தாளில் சுற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதில் ஒட்டியதை வழித்தெடுக்க மாலையாகிவிடும். வெள்ளி நிறத்தில் வழவழப்பான பொன் கிடைத்தால் அது பழைய சுரங்கக்காரர்கள் விட்ட பாதரசம் பட்டது. அதை அடுப்பில் சுட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம், ஆவி நஞ்சு.

என் தீர்ப்பு: தட்டை யோசிக்காமல் வாங்கலாம். டிரெட்ஜை, அதுவும் தட்டில் நன்றாகப் பொன் காட்டிய இடம் கையில் இருந்தால் மட்டும், வாடகைக்கு எடுங்கள். தட்டு ஒன்றும் காட்டாத இடத்தில் எஞ்சினை இழுத்துப் போவது பெட்ரோலுக்குக் கேடு. கடையில் குதிரைத்திறன் எவ்வளவு, உறிஞ்சும் வேகம் எவ்வளவு என்றெல்லாம் சொல்வார்கள். பெட்டியின் கால்களில் சாய்வைத் திருத்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கடைக்கு நடக்கலாம்.