‘மாயக்காரர்’ முதல் ‘வெளிவேடக்காரர்’ வரை: விவிலியத் தமிழில் சமயப் போலிமையும் முழுமனப் பற்றும்

சமய நூல் மொழிபெயர்ப்பில் கண்டனச் சொற்கள் தனிக்கவனத்திற்கு உரியவை. ஒரு பொருட்பெயரைப் பிழையாகப் பெயர்த்தால் செய்தி பிழைபடும். ஒரு கண்டனச் சொல்லைப் பிழையாகப் பெயர்த்தால் குற்றஞ்சாட்டப்படுபவரே மாறிவிடுவார். நற்செய்தி நூல்களில் இயேசு மிகக் கடுமையாக ஆளும் கண்டனச் சொல்லான ‘ஹுப்போக்ரிதேஸ்’ என்பதைத் தமிழ் எவ்வாறு ஏற்றது, அவ்வேற்பினால் எவர் கண்டனத்திற்குள் அகப்படுகின்றனர், எவர் தப்பிவிடுகின்றனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்து, சிறு திருத்தங்களுடன் இன்றும் சீர்திருத்தத் திருச்சபைகளில் வழங்கும் மொழிபெயர்ப்பும் (இனிப் ‘பழைய திருப்புதல்’), கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பும் இங்கு ஒப்பிடப்படுகின்றன.

1. மூலச்சொல்லின் பரவல்

இன்றைய ஆய்வுப் பதிப்புகள் தரும் கிரேக்கப் பாடத்தில் ‘ஹுப்போக்ரிதேஸ்’ என்னும் பெயர்ச்சொல் 17 இடங்களில் வருகிறது. அவற்றுள் 13 மத்தேயுவில் உள்ளவை. ஏனையவை மாற்கில் ஒன்றும் லூக்காவில் மூன்றும் ஆகும். எல்லாம் இயேசுவின் கூற்றாகவே வருவன. இதற்கு எதிர்மறையான ‘அனுப்போக்ரிதோஸ்’ என்னும் பெயரடை நற்செய்திகளில் இல்லை. திருமுகங்களில் மட்டும் ஆறு முறை வருகிறது. அன்பு, விசுவாசம், ஞானம் ஆகியவற்றிற்கு அது அடையாகிறது. எனவே போலிமையைக் கண்டிக்கும் சொல்லும் உண்மைப் பற்றைப் புகழும் சொல்லும் கிரேக்கத்தில் ஒரே அடியிலிருந்து பிறந்த இணை என்பது தெளிவு.

பழைய திருப்புதல் இவ்விணையை வியக்கத்தக்க ஒழுங்குடன் காத்துள்ளது. நற்செய்திகளில் ‘மாயக்காரர்’ என்றும், திருமுகங்களின் ஆறு இடங்களிலும் ‘மாயமற்ற’ என்றும் அது பெயர்க்கிறது. கலாத்தியர் திருமுகத்தில் வினையாகும்போது ‘மாயம்பண்ணு’ என்கிறது. ஒரு மூலச்சொல்லுக்கு ஒரு பெயர்ப்புச்சொல் என்னும் நெறிக்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. திருவிவிலியம் நற்செய்திகளில் ‘வெளிவேடக்காரர்’ என்கிறது. உரோமையர் திருமுகத்தில் அன்புக்குக் ‘கள்ளமற்ற’ என்னும் அடையையும், திமொத்தேயு திருமுகத்தில் நம்பிக்கைக்கு ‘வெளிவேடமற்ற’ என்னும் அடையையும் தருகிறது. இணை இங்குப் பகுதியளவில் பிரிந்துவிடுகிறது.

2. மாயம்

‘மாயம்’ என்பதன் பொருட்புலம் விரிந்தது. பொய், வஞ்சனை, தோற்றமயக்கம், வியத்தகு வித்தை ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இவ்விரிவு மொழிபெயர்ப்பாளருக்கு நன்மையும் தீமையும் ஒருங்கே தந்தது.

தீமை வெளிப்படையானது. அப்போஸ்தலர் நடபடிகளில் சீமோனையும் எலிமாவையும் பழைய திருப்புதல் ‘மாயவித்தைக்காரன்’ எனக் குறிக்கிறது. கிரேக்கத்தில் தொடர்பே இல்லாத இரு சொற்கள் தமிழில் ஒரே அடியைப் பகிர்கின்றன. இன்றைய வாசகருக்கு ‘மாயக்காரன்’ என்றதும் முதலில் நினைவுக்கு வருபவன் மந்திரவாதியே. தெருமுனையில் நின்று செபிப்பவனை அச்சொல் அவர் மனத்தில் எழுப்புவதில்லை. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பாளர்கள் இதைக் கைவிட்டதற்குத் தக்க காரணம் உண்டு.

நன்மை அவ்வளவு வெளிப்படையானதன்று. மாயம் பிறரை ஏமாற்றுவதையும் குறிக்கும். தானே ஏமாந்து நிற்பதையும் குறிக்கும். மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இவ்விரண்டாம் பொருள் இன்றியமையாதது. அங்கே கண்டிக்கப்படுவோர் அதே மூச்சில் ‘குருடர்’ என்றும் அழைக்கப்படுகின்றனர். புதினாவிலும் சீரகத்திலும் பத்தில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிடுபவன் தன்னை நேர்மையாளன் என்றே நம்பக்கூடும். அவன் நடிக்கவில்லை, அளவுகோலைத் தவறவிட்டிருக்கிறான். ‘மாயம்’ இவனையும் பிடிக்கும்.

3. வேடம்

‘வெளிவேடம்’ நல்ல தமிழ்த் தொகை. உள், வெளி என்னும் முரணை அது சொல்லுக்குள்ளேயே கொண்டுள்ளது. கிண்ணத்தின் உட்புறம் வெளிப்புறம் பற்றியும் வெள்ளையடித்த கல்லறைகள் பற்றியும் அதே அதிகாரம் தரும் உருவகங்களுடன் அது நன்கு பொருந்துகிறது. முதன்மைக் கட்டளையில் ‘ஆத்துமா’ நின்ற இடத்தில் திருவிவிலியம் ‘உள்ளம்’ என்பதை வைப்பதால் ‘உள்ளம்’ × ‘வெளிவேடம்’ என்னும் எதிர்நிலை நூல் முழுவதற்கும் கிடைக்கிறது. இது பழைய திருப்புதலில் இல்லாத பேறு.

ஆயினும் ‘வேடம்’ தமிழ்ச் சமய மரபில் நடுநிலையான சொல்லன்று. பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார், அடியார் வேடத்தில் வந்து தம்மைக் குத்திய முத்தநாதனைக் கொல்லவிடாது, ஊர் எல்லை வரை காவலுடன் அனுப்பிவைக்கிறார். அணிந்தவன் பகைவனேயாயினும் வேடம் வணக்கத்திற்குரியது என்பது அவர் கொள்கை. இதற்கு நேரெதிரில் திருக்குறளின் ‘கூடாவொழுக்கம்’ நிற்கிறது. புலித்தோல் போர்த்த பசு, புதரில் மறைந்த வேட்டுவன் ஆகிய உவமைகளால் வேடத்தின் பின்னுள்ள வஞ்சத்தை அது தோலுரிக்கிறது. உலகம் பழிப்பதை விட்டுவிட்டால் தலையை மழிக்கவும் சடை வளர்க்கவும் தேவையில்லை என்னும் கருத்துடன் அவ்வதிகாரம் முடிகிறது.

நற்செய்தியின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இயேசு தாமும் ஆடையில் தொங்கல் அணிந்தவராகவே மத்தேயுவில் காட்டப்படுகிறார். மறைநூல் அறிஞரின் போதனையைக் கைக்கொள்ளுமாறும் அவர் கூறுகிறார். தொங்கல்களைப் பெரிதாக்குவதே கண்டிக்கப்படுகிறது. காரணம் ‘காணப்படுவதற்காக’ என்னும் நோக்கம். இந்நோக்கத்தைக் குறிக்கும் கிரேக்க வினை, ‘அரங்கு’ எனப் பொருள்படும் ‘தெயாத்ரோன்’ என்னும் சொல்லுக்கு உறவானது. அவ்வகையில் மத்தேயு 6ஆம் அதிகாரத்திற்கு ‘வெளிவேடக்காரர்’ மிகப் பொருத்தமான பெயர்ப்பாகும். அதே அதிகாரத்தில் அவர்கள் தங்கள் பலனைப் பெற்றுவிட்டதாகக் கூறும் வினை, பாப்பிரசு ஆவணங்களில் ‘முழுத்தொகை பெற்றுக்கொண்டேன்’ என்னும் பற்றுச்சீட்டு வழக்காகும் என்பதை அடோல்ப் டைஸ்மான் எடுத்துக்காட்டினார். பார்வையாளர் பாராட்டிய நொடியிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. இங்குப் பேசப்படுவது நடிப்பே, ஐயமில்லை.

4. வேர்ப்பொருளும் வழக்குப்பொருளும்

எல்லா இடங்களிலும் நடிப்புத்தானா என்பதே வினா. ‘ஹுப்போக்ரிதேஸ்’ என்பதற்குச் செவ்வியல் கிரேக்கத்தில் ‘நடிகன்’ என்னும் பொருள் இருந்தது உண்மை. அதனையே சொல்லின் நிலையான பொருளாகக் கொண்டு முகமூடியைப் பற்றி விரித்துரைப்பது மறையுரைகளில் வழக்கம். சொல்லின் வேரை அதன் பொருளாகக் கொள்ளும் இப்போக்கினை ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட நூலில் விவிலிய ஆய்வுக்கே உரிய பெருங்குறையாகச் சுட்டினார்.

யோபு நூல் இதற்கு நல்ல சோதனைக்களம். எபிரெயத்தில் ‘ஹானேஃப்’ என்னும் சொல் இறைப்பற்றில்லாதவனை, தூய்மை கெட்டவனைக் குறிக்கும். நடிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. யோபு 34:30, 36:13 ஆகிய இடங்களில் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதனை ‘ஹுப்போக்ரிதேஸ்’ என்றே தருகிறது. யூதக் கிரேக்க வழக்கில் இச்சொல் அரங்கத்தை விட்டு வெளியேறி, கடவுளோடு நேர்படாத வாழ்வினனைக் குறிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு இது சான்று. பழைய திருப்புதல் யோபு 8:13இல் ‘மாயக்காரர்’ என எழுதியபோது எபிரெயத்தினின்று விலகியது. ஆனால் இவ்விரு சொற்களின் பழைய உறவை அறிந்தோ அறியாமலோ காத்தது.

5. அந்தியோகியாவின் பந்தி

சிக்கல் கூர்மையாக வெளிப்படும் இடம் கலாத்தியர் 2ஆம் அதிகாரம். பேதுரு அந்தியோகியாவில் யூதரல்லாதாருடன் ஒரே பந்தியில் உண்டுவந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். பர்னபாவும் உடன் இழுபட்டார். பவுல் இதனை ‘ஹுப்போக்ரிசிஸ்’ என்கிறார். பேதுரு எவரிடமும் பக்திமானாக நடிக்கவில்லை, புகழ் தேடவுமில்லை. தாம் நம்பியதை அச்சத்தால் தட்டில் கைவிட்டார்; அவ்வளவே. நம்பிக்கை ஒருபுறமும் பந்தி ஒருபுறமுமாகப் பிரிந்ததே இங்குக் குற்றம்.

இதனை ‘வெளிவேடம்’ எனப் பெயர்க்கும்போது வாசகர் முகமூடியைத் தேடுகிறார்; பந்தியைக் காணத் தவறுகிறார். தமிழ்நாட்டில் இத்தவறு வெறும் மொழியியல் தவறாக நின்றுவிடுவதில்லை. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தார். தஞ்சைச் சபையில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயில் 19ஆம் நூற்றாண்டில் சாதிக்கொரு புறமாகப் பிரித்தே கட்டப்பட்டது. அங்கெல்லாம் தனித்து அமர்ந்தவர்கள் மனமறிந்து நடித்தவர்கள் அல்லர். பலர் ஆழ்ந்த பக்தர்கள். ‘வெளிவேடக்காரர்’ என்னும் சொல் அவர்களைத் தொடாமல் கடந்துபோகும். பவுலின் சொல் அவர்களையே குறிக்கும். சொல்லின் பொருளை நடிப்பளவில் சுருக்கினால் நடிக்காத அனைவரும் குற்றத்திலிருந்து விடுபட்டுவிடுவர்.

இதன் மறுபக்கமும் உண்டு. ‘பரிசேயர்’ என்பது கிறித்தவத் தமிழில் போலிப் பக்தரைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. ஒரு சமயக் குழுவின் பெயர் இழிசொல்லாக மாறியதால் கண்டனம் எப்போதும் பிறர்மீதே விழுகிறது. மத்தேயு 23 மக்கள் கூட்டத்தையும் சீடரையும் நோக்கிய உரையாகவே தொடங்குகிறது. அதைக் கேட்டுத் தம்மை ஆராய வேண்டியவர்கள் சீடர்களே.

6. முழுமையும் மாயமின்மையும்

போலிமையின் எதிர்ச்சொல் எது? ‘முழு’ என்னும் அடை உடனே நினைவுக்கு வரும். முதன்மைக் கட்டளையில் அது நான்குமுறை அடுக்கப்படுகிறது. ‘இருமனமுள்ளவன்’ என யாக்கோபு திருமுகத்தில் பழைய திருப்புதல் தரும் சொல்லும் அதற்கு அணி செய்கிறது. திருக்குறளில் ‘இருமனம்’ பொதுமகளிர்க்கு அடையாக வருவது. விவிலியத் தமிழ் அச்சொல்லை இறைப்பற்றில் நிலையற்றவருக்கு உரியதாக்கியது.

எனினும் முழுமையும் மாயமின்மையும் ஒன்றல்ல. மாற்கு 9ஆம் அதிகாரத்தில் நோயுற்ற மகனின் தந்தை, தாம் நம்புவதாகவும் தம் நம்பிக்கையின்மைக்கு உதவ வேண்டுமெனவும் ஒரே வாக்கில் முறையிடுகிறார். அவர் நம்பிக்கை முழுமையானதன்று, ஆனால் மாயமற்றது. குறைவை மறைக்காததே அதன் நேர்மை. அவருக்கு விடையாகக் கிடைப்பது கண்டனமன்று, மகனின் நலம். ஐயுறுபவரையும் தவறி விழுபவரையும் ‘மாயக்காரர்’ எனச் சாடும் மறையுரைகள் இவ்வேறுபாட்டை மறந்தவை. குறையுள்ள பற்றுக்கும் பொய்ப்பற்றுக்கும் இடையிலுள்ள எல்லையைக் காப்பது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பும் ஆகும்.

7. முடிவு

மேற்கண்டவற்றால் சில பெறப்படுகின்றன. மத்தேயு 6இன் இடங்களில் ‘வெளிவேடக்காரர்’ நிலைக்கத்தக்கது. மத்தேயு 23இல் தன்னேமாற்றமும் அடங்கியிருப்பதால், ‘குருடர்’ என்னும் விளியோடு அதனைச் சேர்த்துப் படிக்குமாறு அடிக்குறிப்பு வேண்டும். கலாத்தியரில் ‘முன்னுக்குப்பின் முரணாக நடத்தல்’ போன்ற தொடரே பொருளை மீட்கும். திருமுகங்களின் ஆறு இடங்களுக்கும் ஒரே அடை வேண்டும். ‘கள்ளமற்ற’ என்பதை எல்லா இடங்களுக்கும் நீட்டலாம். அதனால் நற்செய்தியின் கண்டனச் சொல்லோடு உள்ள இணை மறையும் என்பது உண்மை. அவ்விழப்பையும் குறிப்பால் ஈடுசெய்யலாம். ஒருசொல் ஒருபொருள் நெறியைவிடச் சூழல்பொருத்தமே முதன்மை என யூஜின் நைடா 1964 முதல் வலியுறுத்திய கொள்கைக்கு இது இயைந்ததே.

எனினும் தேர்வுக்குரிய இறுதி அளவுகோல் இனிமையோ தூய தமிழோ அன்று. பந்தியில் விலகி அமர்ந்த பக்தரும், ஐயத்தோடு கைநீட்டிய தந்தையும் ஒரே சொல்லைக் கேட்கும்போது, முன்னவர் உறுத்தப்படவும் பின்னவர் விடுபடவும் வேண்டும். அவ்வாறு செயற்படும் சொல்லே சரியான மொழிபெயர்ப்பு எனலாம்.