கோண்டோவின் கேள்வியும் அப்பாவின் டிராயரும்

எங்கள் வீட்டில் டிராயர் என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, ஐந்தாம் வகுப்பு வரை நான் போட்டுக்கொண்டு திரிந்த காக்கி அரைக்கால் சட்டை. இன்னொன்று, அப்பாவின் மர மேஜையில் வலதுபக்கம் இருந்த, பாதிக்கு மேல் இழுத்தால் மாட்டிக்கொள்ளும் அறை. இந்தப் பதிவு இரண்டாவதைப் பற்றி. கூடவே, அதை நான் காலி செய்யக் காரணமாக இருந்த ஒரு புத்தகத்தைப் பற்றியும்.

எண்பதுகளின் கடைசி, கும்பகோணம். டிராயருக்குள் இருந்தவை: அட்டையில் சுற்றிய ஃபியூஸ் வயர், பம்ப் ஸ்டவ் பின், சைக்கிள் வால்வ் டியூப், குழாய் வாஷர், குக்கர் கேஸ்கட், ஃபிலிம் ரோல் டப்பாவில் சட்டைப் பட்டன்கள், கொஞ்சம் பைசா நாணயங்கள், எந்தப் பூட்டுக்கு என்றே தெரியாத ஏழெட்டு சாவிகள்.

'அந்தக் காலத்துல...' என்று ஆரம்பித்து இப்படிப் பட்டியல் போடுவது சுலபம். ஏன் அங்கே இருந்தன என்றுதான் யாரும் கேட்பதில்லை. பீங்கான் ஃபியூஸ் கட்டையில் இருக்கிற மெல்லிய கம்பி உருகினால் வீடே இருட்டு. ராத்திரி ஒன்பதரை மணிக்கு எந்த எலக்ட்ரிகல் கடை திறந்திருக்கும்? நான் டார்ச் பிடிக்க, அப்பா மெயினை அணைத்துவிட்டுப் புதுக் கம்பி கட்டுவார். அந்தத் துண்டுக் கம்பி இல்லையென்றால் விடியும்வரை கொசுக்கடிதான். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் டிராயர் ஒரு கேஷ். எடுத்து வைத்துக்கொள்ள ஆகும் செலவு சொற்பம், இல்லாமல் போனால் ஆகும் செலவு அதிகம்.

அப்பா 2018ல் போனார். 2019 ஜனவரியில் மரீ கோண்டோவின் நிகழ்ச்சி நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அந்த ஜோரில், 2014ல் ஆங்கிலத்தில் வெளியான அவருடைய 'தி லைஃப் சேஞ்சிங் மேஜிக் ஆஃப் டைடியிங் அப்' புத்தகத்தையும் படித்தேன். பொருளைக் கையில் எடு, மனசில் மகிழ்ச்சி துளிர்க்கிறதா பார், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பு. துணி, புத்தகம், காகிதம், கோமோனோ எனப்படும் சில்லறைச் சாமான்கள், கடைசியில் நினைவுப் பொருட்கள் என்று வரிசை. துணிக்கு இது பிரமாதமாக வேலை செய்கிறது, என் அலமாரியே சாட்சி.

கோமோனோவில்தான் இடிக்கிறது. உதிரிப் பட்டன்களை யாரும் பயன்படுத்துவதில்லை, எறி என்கிறார். எதற்கென்று தெரியாத வயர்களுக்கும் அதே தீர்ப்பு. எங்க அப்பா டிராயரைப் பார்த்தே எழுதின மாதிரி இருந்தது.

அடுத்த புத்தகமான 'ஸ்பார்க் ஜாய்'ல் அவரே ஒரு கதை சொல்கிறார். திருப்புளியைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஒரு லூஸான ஸ்க்ரூவை ஸ்கேலால் முடுக்கப் போய், ஆசையாக வைத்திருந்த ஸ்கேல் உடைந்துவிட்டதாம். நேர்மையான எழுத்து. ஆனால் அதிலிருந்து அவர் வருகிற முடிவு, அவசியமான பொருளும் மகிழ்ச்சி தருவதுதான் என்று நாம் உணர வேண்டும் என்பது. இது எனக்கு ஒப்பவில்லை. சோதனை தப்பான விடை தந்தால் சோதனையைத் திருத்த வேண்டும், 'மகிழ்ச்சி'யின் அர்த்தத்தை இழுத்து நீட்டக் கூடாது. ஆபீஸில் இப்படிச் செய்தால் கோட் ரிவ்யூவில் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள்.

கேஸ்கட்டுக்கு மதிப்பு வருவது குக்கரால். சாவிக்குப் பூட்டால். தனியாகக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்தத் தொடர்பு தெரியாது. ஒரு ஃபங்ஷனை அழிக்கும் முன் அதை யார் கூப்பிடுகிறார்கள் என்று தேடிப் பார்ப்போம் இல்லையா? கோண்டோவின் கேள்வியில் அந்தத் தேடல் கிடையாது.

புத்தகத்தில் இரண்டு விதிகள் உண்டு. எறிவதைக் குடும்பத்தார் கண்ணில் காட்டாதே. மற்றவர் பொருளைக் கேட்காமல் எறியாதே. முதல் விதியை அப்படியே பிடித்துக்கொண்டேன். இரண்டாவதுக்கு, 'உடையவரே இல்லையே' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அம்மா ஊருக்குப் போயிருந்த ரெண்டு நாளில் டிராயர் மொத்தமும் காயலான் கடைக்குப் போனது.

ஆறு மாசம் கழித்து, பட்டா மாற்ற வீட்டுப் பத்திரம் வேண்டியிருந்தது. பீரோ உள் லாக்கரில் அம்மாவின் சாவி பாதியில் முறிந்தது. "பதறாதப்பா. அப்பா டிராயர்ல டூப்ளிகேட் கிடக்கும், நீளமா, தலையில ஓட்டையோட. எடுத்துட்டு வா" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் பூட்டுக்காரர் வந்து டிரில் போட்டுத் திறந்தார். பத்திரம் பத்திரமாக இருந்தது. அம்மா திட்டவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார், அவ்வளவுதான்.

அப்பா கட்சியிலும் ஓட்டை உண்டு. கசிந்து பூத்துப்போன டார்ச் செல்லை எதற்கு வைத்திருந்தார்? 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30லிருந்து செல்லாது என்றான பிறகும் அந்த நாணயங்கள் அங்கேயே கிடந்தன. ஒரு சாவியிலும் பேர் எழுதிய சீட்டு இல்லை, டாக்குமென்டேஷன் மொத்தமும் அவர் தலைக்குள். வீட்டுக்கு எம்சிபி வந்த பிறகு ஃபியூஸ் வயரும் தண்டம்தான். அதை எறிந்ததில் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் கேட்காமல் எறிந்ததில்.

போன பொங்கலுக்கு அம்மாவின் சமையலறை டிராயரைச் சுத்தம் செய்தோம். இந்த முறை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். "இதா? பழைய மிக்ஸி ஜார் வாஷர். மிக்ஸியே இல்ல, போடு. இது கிரைண்டரோடது, வை." அரை மணி நேரத்தில் முக்கால்வாசி குப்பைக்குப் போய்விட்டது. நான் தனியாகச் செய்திருந்தால் இத்தனையை எறிய எனக்குத் தைரியம் வந்திருக்காது.